செய்முறை: மரபணு, வாளி, வெங்காயம்

1

பள்ளிக்கூடத்தில் ‘செய்முறை’ என்று ஒரு பாடவேளை இருக்கிறது. பையன்கள் ‘பிராக்டிகல்’ என்பார்கள். மேல்நிலை வகுப்பில் உயிரியல் எடுத்த ஒரு மாணவி இரண்டு வருஷத்தில் அதில் என்ன செய்கிறாள்? பெரும்பாலும் ரெக்கார்டு நோட்டில் படம் வரைகிறாள். போன வருஷத்து அக்காவின் நோட்டைப் பார்த்து நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு என்று நான்கு தலைப்பு போட்டு எழுதுகிறாள். கையெழுத்து வாங்குகிறாள். சோதனை தொடங்கும் முன்பே முடிவு எழுதப்பட்டுவிடுகிறது. சோதனை நடந்ததா இல்லையா என்பது பல இடங்களில் ஒரு பொருட்டே இல்லை.

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல் செய்முறையில் மரபணுப் பொறியியலும் இருக்கிறது. எந்த வடிவத்தில்? பி.பி.ஆர். 322 என்ற பிளாஸ்மிடின் படமாக. படத்தை வைப்பார்கள், இன்னதென்று அடையாளம் கண்டு நாலு வரி எழுத வேண்டும், அதற்கு மார்க். 4,361 கார இணைகள் கொண்ட அந்த டி.என்.ஏ. வளையத்தை வெட்டியும் ஒட்டியும் செய்து 1977இல் வெளியிட்டார்கள். கையால் செய்யப்பட்ட ஒரு பொருள் நம்ம ஊர் மாணவியிடம் வந்து சேரும்போது ஒரு வட்டமும் சில அம்புக்குறிகளுமாகச் சுருங்கிவிடுகிறது.

இதை நிதிப் பற்றாக்குறை என்று மட்டும் விளக்கிவிட முடியாது. கையை அறிவிலிருந்து பிரித்து வைத்த ஒரு சமூகத்தின் பள்ளிக்கூடம் இது. 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா மனித உடலைக் கத்தியால் அறுத்தது இந்திய அறிவியல் வரலாற்றில் ஒரு திருப்பமாகச் சொல்லப்படுகிறது. சாதி விலக்கை மீறிப் பிணத்தைத் தொட்டார் என்பதால்தான் அது திருப்பம். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் பிணத்தைத் தொட்டுக்கொண்டிருந்தவர்கள், தோலை உரித்தவர்கள், பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள் எல்லாம் இந்தக் கதையில் எங்கே? அவர்களுடைய கைக்குத் தெரிந்தது ‘வேலை’ ஆயிற்று, ‘அறிவு’ ஆகவில்லை. நமது செய்முறைப் பாடவேளை இந்தப் பிரிவினையின் வாரிசு. கை என்ன கண்டுபிடிக்கும் என்பதைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. கை ஏற்கெனவே எழுதப்பட்டதை வழிமொழிந்தால் போதும்.

இப்போது உலகின் பல நாடுகளில் பதினாறு, பதினேழு வயது மாணவர்கள் பள்ளி ஆய்வகத்திலேயே பாக்டீரியாவுக்குள் அந்நிய மரபணுவைச் செலுத்துகிறார்கள். இங்கேயும் வர வேண்டும் என்று ஒரு குரல் கேட்கிறது. வந்தால் என்ன ஆகும், எப்படி வர வேண்டும் என்பதை யோசிப்பதற்கு முன்னால் அந்தச் சோதனை என்ன என்று தெரிந்துகொள்ளலாம்.

2

அதிகம் பரவியிருக்கும் சோதனை இது. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் நோய் உண்டாக்காத ஆய்வக ரகம் ஒன்று. அதற்குள் ஒரு பிளாஸ்மிட். பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவின் முதன்மைக் குரோமோசோமுக்கு வெளியே தனியாகத் திரியும் சின்ன டி.என்.ஏ. வளையம். இதில் முக்கியமாக மூன்று மரபணுக்கள். ஒன்று, ஏகோரியா விக்டோரியா என்ற சொறிமீனிலிருந்து எடுத்தது; புற ஊதா வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும் புரதத்தை அது உண்டாக்கும். இன்னொன்று ஆம்பிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைத் தாங்கும் சக்தியைத் தருவது. மூன்றாவது ஒரு ‘சுவிட்ச்’: அரபினோஸ் என்ற சர்க்கரை இருந்தால்தான் ஒளிரும் மரபணு வேலை செய்யும்.

பாக்டீரியாவைக் கால்சியம் குளோரைடு கரைசலில் பனிக்கட்டிக்கு நடுவே வைத்து, பிளாஸ்மிடைச் சேர்த்து, 42 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக வைத்து, மறுபடி பனிக்கட்டிக்கு மாற்றுகிறார்கள். இந்த அதிர்ச்சியில் சில பாக்டீரியாக்கள் பிளாஸ்மிடை உள்ளே வாங்கிக்கொள்கின்றன. ‘சில’ என்பதுதான் முக்கியம்; மிகப் பெரும்பாலானவை வாங்காது. வாங்கியது எது, வாங்காதது எது என்று கண்ணுக்குத் தெரியாது. எனவே ஆம்பிசிலின் கலந்த தட்டில் பரப்புகிறார்கள். வாங்காதவை சாகும். வாங்கியவை மட்டும் மறுநாள் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும்.

தட்டுகள் நான்கு. பிளாஸ்மிட் சேர்க்காத பாக்டீரியா, வெறும் உணவுத்தட்டில். அதே பாக்டீரியா, ஆம்பிசிலின் தட்டில். பிளாஸ்மிட் சேர்த்தது, ஆம்பிசிலின் தட்டில். பிளாஸ்மிட் சேர்த்தது, ஆம்பிசிலினும் அரபினோஸும் உள்ள தட்டில். நாலாவது மட்டும் பச்சையாக ஒளிரும். பார்க்கிறவர்களுக்கு அந்தப் பச்சைதான் பரவசம். ஆனால் கல்வி என்று பார்த்தால் மற்ற மூன்று தட்டுகள்தான் பாடம். முதல் தட்டு ‘பாக்டீரியா உயிரோடுதான் இருந்தது’ என்று சொல்கிறது. இரண்டாவது ‘மருந்து உண்மையிலேயே கொல்கிறது’ என்கிறது. மூன்றாவது ‘மரபணு உள்ளே இருந்தாலும் சூழல் இல்லாவிட்டால் பேசாது’ என்கிறது. இந்த ஒப்பீட்டுத் தட்டுகள் இல்லாவிட்டால் நாலாவது தட்டின் பச்சைக்கு அர்த்தமே இல்லை. அறிவியலின் முறை என்று ஒன்று இருந்தால் அது இதுதான்: உன் முடிவை நீயே முதலில் சந்தேகப்படு.

சிக்கல் எங்கே வருகிறது? இந்தச் சோதனை ஒரு பெட்டியாக வருகிறது. பாக்டீரியா, பிளாஸ்மிட், தட்டு, குழாய், அச்சிட்ட வழிகாட்டி எல்லாம் சேர்த்துக் கம்பெனி விற்கிறது. பெட்டியைத் திறந்து சொன்னபடி செய்தால் பச்சை வரும். வராவிட்டால் மாணவன் தப்புப் பண்ணிவிட்டான். கேள்வி கம்பெனியுடையது, விடையும் கம்பெனியுடையது, நடுவில் கை மட்டும் நம்முடையது. ரெக்கார்டு நோட்டு பளபளப்பான தாளில் வந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

இந்தத் தொழில்நுட்பம் பிறந்தபோதே இதற்கு விலை ஒட்டப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் 1973இல் மரபணுவை வெட்டி ஒட்டிப் பாக்டீரியாவில் பெருக்கிக் காட்டினார்கள், 1974இல் காப்புரிமைக்கு மனு போடப்பட்டது, 1980இல் கிடைத்தது. 1997இல் காலாவதியாகும்வரை பல கோடி டாலர் ஈட்டியது. மறுபக்கம், சொறிமீனின் அந்த ஒளிரும் மரபணுவை முதலில் பிரித்தெடுத்த டக்ளஸ் பிரஷர், அதற்காக மற்ற மூவருக்கு 2008இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கைக்கு நேர்வது அமெரிக்காவிலும் இதுதான்.

3

நமது தரப்புக்கு வருவோம். மரபணு என்று யாராவது வாயெடுத்தால் நாம் ‘மான்சாண்டோ’ என்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. 2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுக்கப்பட்டது. அதற்கு முந்தின வருஷமே அனுமதியில்லாத பி.டி. பருத்தி குஜராத் வயல்களில் விளைந்து நின்றது. பி.டி. கத்தரியில் நமது கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் பங்காளி. 2010 ஜனவரி, பிப்ரவரியில் ஏழு நகரங்களில் மக்கள் கருத்துக்கேட்பு நடத்தி, பிப்ரவரி 9இல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். அந்த ஏழில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை.

எதிர்த்தது சரிதான். ஆனால் எதிர்ப்பு என்பது அந்த அறிவையே தொடாமல் ஒதுங்கி நிற்பதாக மாறினால் என்ன நடக்கும்? அறிவு முழுக்க அவர்கள் கையில், பயம் முழுக்க நம் கையில் என்றாகும். மரபணுவைத் தொடுவதே தீட்டு என்கிற மாதிரி ஒரு பேச்சு நமக்குள் இருக்கிறது. இயற்கை தூய்மையானது, கலப்பு அசிங்கம் என்கிற அந்த மொழி எங்கிருந்து வருகிறது என்று சாதி ஒழிப்பு பேசுகிற நாம் யோசிக்க வேண்டாமா?

இன்னொரு வழியும் இருந்திருக்கிறது. 1975இல் அசிலோமரில் விஞ்ஞானிகள் கூடித் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அது அவர்களுக்குள் நடந்த பேச்சு. ஆனால் 1976இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் மரபணு ஆய்வகம் கட்டக் கிளம்பியபோது, கேம்பிரிட்ஜ் நகரசபை அதைப் பொது விசாரணைக்கு இழுத்தது. மேயர் ஆல்பிரட் வெலூச்சி வேலையை நிறுத்திவைக்கச் சொன்னார். சாதாரண நகரவாசிகள் கொண்ட ஒரு குழு போடப்பட்டது. அவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்தார்கள், விஞ்ஞானிகளைக் குறுக்குக் கேள்வி கேட்டார்கள், 1977இல் கூடுதல் பாதுகாப்பு நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம் என்றார்கள். அந்த முடிவு சரியா என்பது வேறு விவாதம். முடிவெடுக்கும் முன் அவர்கள் படித்தார்கள், அதற்கான அதிகாரம் அவர்களுக்கு இருந்தது என்பதுதான் நமக்குச் சங்கதி.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது? சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989ஆம் வருஷ விதிகள்படி, மரபணு மாற்றிய உயிரிகளைக் கையாளும் எந்த நிறுவனத்திலும் உயிரிப் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதில் உயிரித் தொழில்நுட்பத் துறையின் பிரதிநிதியும் இருக்க வேண்டும். ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி தன்பாட்டுக்குப் பெட்டி வாங்கி ஆரம்பித்துவிட முடியாது. இந்த விதி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 2017இல் அமெரிக்காவிலிருந்து தபாலில் வந்த ‘வீட்டிலேயே மரபணு திருத்தும்’ பெட்டிகளில் நோய்க்கிருமிகள் கலந்திருந்ததை ஜெர்மன் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். விதி இருக்கட்டும். ஆனால் ஆலைக்கு அனுமதி வாங்கித் தர எத்தனையோ அலுவலகங்கள் இருக்கிறபோது, பள்ளிக்கூடத்துக்கு அனுமதியோடு ஒரு வழி ஏற்படுத்தித் தர ஒரு அலுவலகமும் இல்லையே என்பதுதான் கேள்வி.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம். அங்கே வளரும் மரங்களில் ஒன்று வெண்கண்டல். அந்த இனத்திலிருந்து உப்பைத் தாங்க உதவும் மரபணுவைப் பிரித்து நெல்லில் சேர்த்த ஆராய்ச்சியை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் செய்தது. 2008இல் அது வெளியானது. அதே சதுப்பில் இருளர்கள் வெறும் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளை பிளஸ்-டூவில் பிளாஸ்மிட் படத்தை மனப்பாடம் பண்ணும்போது, தன் வீட்டுக்கு எதிரே நிற்கிற மரத்துக்கும் அந்தப் படத்துக்கும் ஏதாவது தொடர்பு இருக்கும் என்று அதற்கு எப்படித் தெரியும்?

4

இந்தியாவில் உயிரியல் படிக்காத மாணவர்கள் மரபணுப் பொறியியல் செய்த ஒரு உதாரணம் இருக்கிறது. பெங்களூர் ஸ்ருஷ்டி கலைப் பள்ளி மாணவர்கள் 2009இல் தேசிய உயிரியல் மையத்தின் உதவியோடு ஈ.கோலையை ஜியோஸ்மின் என்ற பொருளைச் சுரக்க வைத்து, எம்.ஐ.டி.யில் நடந்த ஐஜெம் போட்டிக்குக் கொண்டுபோனார்கள். முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான பொருள் அது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தால்கூட மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும்.

மூக்கு ஒரு கருவி என்பதை பெங்களூருக்கு ஐந்து வருஷம் முன்பே வேறு சிலர் நிரூபித்திருந்தார்கள். கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில், சாலைக்கும் உப்பனாற்றுக்கும் நடுவில் இருக்கிறது சிப்காட் தொழிற்பேட்டை. எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தது. பூச்சிமருந்து, சாயம், மருந்து மூலப்பொருள், பிளாஸ்டிக் என்று ரசாயன ஆலைகள். சுற்றிலும் குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம், பச்சையாங்குப்பம். நீதிபதி கனகராஜ் தலைமையில் இந்திய மக்கள் தீர்ப்பாயம் இங்கே விசாரணை நடத்தியது. ஊர்க்காரர்கள் ‘நாத்தம் தாங்கல, மூச்சு முட்டுது’ என்று மனு கொடுப்பார்கள். அதிகாரி வந்து சேர்வதற்குள் காற்று திரும்பியிருக்கும். நாற்றத்துக்கு என்ன சாட்சி?

2004இல் சிப்காட் பகுதிச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற பெயரில் கிராமத்து மக்களே கூடினார்கள். நாற்றத்தைப் பிரித்துச் சொல்லப் பயிற்சி எடுத்தார்கள். அழுகிய முட்டை, அழுகிய முட்டைக்கோஸ், நகப்பூச்சு, பிணவாடை. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த ஆலைப் பக்கமிருந்து, காற்று எந்தத் திசை, யாருக்கு என்ன உபாதை என்று பதிந்தார்கள். அழுகிய முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்பைடு, முட்டைக்கோஸ் என்றால் மெர்காப்டன், நகப்பூச்சு என்றால் அசிட்டோன் போன்ற கரைப்பான் என்று வேதியியல் அதோடு சேர்ந்தது. பிறகு வாளி. 1995வாக்கில் கலிபோர்னியாவில், எண்ணெய் ஆலைகளுக்குப் பக்கத்தில் வாழ்ந்த மக்களுக்காக வழக்கறிஞர் எட்வர்ட் மாஸ்ரியின் முயற்சியில் உருவான கருவி அது. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி, உள்ளே விசேஷமான ஒரு பை, காற்றை உறிஞ்ச ஒரு சிறு பம்ப். நாற்றம் வந்த நிமிஷத்தில் காற்றைப் பிடித்து, பையை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 22 ரசாயனங்கள் இருந்தன. அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. அன்றைக்கு இந்தியாவின் காற்றுத்தர நெறிகளில் பென்சீனுக்குக்கூட வரம்பு கிடையாது. அது 2009இல்தான் சேர்ந்தது. அதாவது அரசின் பட்டியலில் இடமே இல்லாத ஒன்றைக் குடிகாட்டு ஜனங்கள் முகர்ந்து, பிடித்து, பெயர் சொல்லிவிட்டார்கள். உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்புக் குழு வந்து பார்த்தது. நாக்பூரிலிருந்து ‘நீரி’ ஆய்வுக்கு வந்தது.

இதை வெறும் ‘மக்கள் போராட்டம்’ என்று வகைப்படுத்திவிட்டால் அதன் அறிவுப் பக்கம் காணாமல் போகும். அறிவு எங்கே உற்பத்தியாகிறது, யார் சொன்னால் அது அறிவு என்று செல்லுபடியாகிறது என்று ஃபூக்கோ வழியாக நாம் நிறையப் பேசியிருக்கிறோம். குடிகாட்டு வாளி அதற்குக் கைவசம் உள்ள உதாரணம். கூடவே அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். காற்றைப் பிடித்த கை இங்கே. பையைத் திறந்து படித்த இயந்திரம் கலிபோர்னியாவில். கேள்வி நமதாயிற்று, விடை இன்னும் விமானம் ஏறிப் போய்த்தான் வந்தது.

5

விடையையும் பக்கத்தில் கொண்டுவர முடியுமா? மரபியல் இங்கேதான் உதவுகிறது. அதுவும் விலை உயர்ந்த பெட்டியோடு அல்லாமல் ஒரு வெங்காயத்தோடு.

வெங்காய வேர்நுனியை நசுக்கிச் செல் பிரிவதைப் பார்ப்பது எல்லாப் பள்ளிக்கும் தெரிந்த செய்முறை. இதையே ஒரு நச்சுச் சோதனையாகவும் செய்யலாம் என்பது பள்ளிக்குச் சொல்லப்படுவதில்லை. 1938இல் ஸ்வீடனில் ஆல்பர்ட் லெவான் தொடங்கிவைத்தது அது. மனிதனுக்குக் குரோமோசோம் 46 என்று 1956இல் ஜியோவோடு சேர்ந்து அறிவித்தாரே, அவரேதான். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம், பெரிசு பெரிசாக இருக்கும், பள்ளி நுண்ணோக்கியிலேயே தெரியும். டம்ளர் வாயில் வெங்காயத்தை உட்கார வைத்து இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் வேர் விடச் செய்து, பிறகு சந்தேகத்துக்குரிய தண்ணீருக்கு மாற்றுகிறோம். வேர்நுனியை வெட்டி, அமில ஆல்கஹாலில் போட்டு, சாயமேற்றி, நசுக்கிப் பார்க்கிறோம். பிரியும் செல்களின் விகிதம் குறைந்திருந்தால் வளர்ச்சி தடைப்பட்டிருக்கிறது. பிரிந்து போக வேண்டிய குரோமோசோம்களுக்கு நடுவில் பாலம் போல ஒட்டிக்கொண்டிருந்தால், துண்டுகள் சிதறிக் கிடந்தால், சின்னதாகத் தனி உட்கரு தெரிந்தால், மரபுப்பொருளே உடைந்திருக்கிறது.

உப்பனாற்றுத் தண்ணீரில் இதைச் செய்தால்? உடனே ஒரு தடை வரும். உப்பனாறு கடலோடு ஏறி இறங்குகிற ஆறு. உப்புத் தண்ணீரில் வெங்காய வேர் எப்படியும் கருகும். ‘பாத்தீங்களா, ஆலைக்கழிவு!’ என்று நாம் கத்தினால் ஆலை வக்கீல் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்: உப்பு. ஆகவே ஒப்பீட்டுத் தட்டு வேண்டும். குடிதண்ணீரில் ஒன்று. அதே அளவு உப்பு கலந்த நல்ல தண்ணீரில் ஒன்று. ஆலை இல்லாத கழிமுகத் தண்ணீரில், உதாரணமாகப் பரங்கிப்பேட்டை வெள்ளாற்றுத் தண்ணீரில், ஒன்று. எல்லாவற்றையும் ஒரே உப்பளவுக்கு நீர்த்து வைக்க வேண்டும். எண்ணுகிற மாணவிக்கு எது எந்த டம்ளர் என்று தெரியக் கூடாது. வேறொருத்தி ரகசியக் குறி போட்டு வைத்திருக்க வேண்டும். ஒரு வெங்காயம் போதாது. பல வெங்காயம், ஆயிரக்கணக்கில் செல்கள். கையுறையும் ஆசிரியர் மேற்பார்வையும் கட்டாயம். அப்புறமும் கிடைப்பது ‘இந்தத் தண்ணீரில் குரோமோசோமை உடைக்கிற ஏதோ இருக்கிறது’ என்கிற எச்சரிக்கை மட்டும்தான். எந்த ஆலை, எந்த ரசாயனம் என்பதற்கு வேறு சோதனை வேண்டும்.

இந்த நிதானம் போராட்டத்தை நீர்த்துப்போகச் செய்யாதா என்று தோழர்கள் கேட்கலாம். எதிராளி கேட்கப்போகும் கேள்வியை நாமே முதலில் கேட்டு, பதிலோடு போகிறபோதுதான் மனு ஆவணமாகிறது. பச்சையாக ஒளிரும் பாக்டீரியாவின் நாலு தட்டும் உப்பனாற்று வெங்காயத்தின் நாலு டம்ளரும் ஒரே பாடத்தைத்தான் சொல்லித்தருகின்றன. ஒரு வித்தியாசம் உண்டு. வெங்காயத்தின் விடை யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. தெரிந்தால் அது யாரோ ஒருவரைத் தொந்தரவு செய்யும்.

இதிலிருந்து மரபணுப் பொறியியலுக்கு ஒரு எட்டுதான். புரூஸ் ஏம்ஸ் எழுபதுகளில் பாக்டீரியாவின் மரபணு மாற்றத்தை வைத்தே புற்றுநோய் ரசாயனங்களைச் சலித்தெடுக்கும் சோதனையை உண்டாக்கினார். குழந்தைகளின் இரவு உடுப்பில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த ‘டிரிஸ்’ என்ற ரசாயனத்தை அது காட்டிக்கொடுத்தது. 1977இல் அமெரிக்காவில் அதற்குத் தடை வந்தது. 2006இல் எடின்பரோ மாணவர்கள் கிணற்று நீரில் ஆர்சனிக் இருந்தால் அடையாளம் காட்டும்படி ஈ.கோலையை மாற்றியமைத்தார்கள், வங்காளதேசத்துக் கிணறுகள் அவர்கள் மனசில் இருந்தன. அதே பிளாஸ்மிட், அதே ‘சுவிட்ச்’. சர்க்கரைக்குப் பதில் விஷத்தைக் கண்டால் பேசுகிறது. மரபணுவைக் கம்பெனியின் விதைக்குள்ளேயே பார்த்துப் பழகிய நமக்கு இப்படியும் ஒரு திசை இருக்கிறது என்பது தெரிய வேண்டும்.

6

மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம் 1972இல் தொடங்கியது. கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் கையால் செய்து பார்த்து, தாங்களே முடிவுக்கு வருகிற பாடத்திட்டம்; பின்னால் ஏகலவ்யா அமைப்பு அதை நடத்தியது. ஆயிரம் பள்ளிகள் வரை பரவிய அதை 2002இல் மாநில அரசே மூடியது. எனவே ‘நல்ல திட்டம் கொடுத்தால் அரசு ஏற்றுக்கொள்ளும்’ என்ற வெகுளித்தனம் நமக்கு வேண்டாம். பாவ்லோ ஃப்ரெய்ரே வங்கிமுறைக் கல்வி என்று சொன்னது சும்மா இல்லை. வங்கியில் பணம் போடுகிறவர்களுக்கு அதில் நிறைய அக்கறை இருக்கிறது.

ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்கலாம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013 முதல் அரசின் கையில் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அதன் கடல் உயிரியல் மையமும் இருக்கிறது. அங்கே சட்டப்படியான பாதுகாப்புக் குழுவின் கீழ் ஒரு ஆய்வகத்தை வாரம் ஒரு நாள் அரசுப் பள்ளிகளுக்குத் திறந்துவிட வேண்டும். நாலு தட்டையும் மாணவர்கள் தங்கள் கையால் செய்யட்டும். பாக்டீரியாவைக் கொன்று அழிப்பதையும் அவர்களே கற்கட்டும். வெங்காய வேர்ச் சோதனையைப் பாடத்திட்டத்தில் உள்ளூர்த் தண்ணீரோடு சேர்க்க வேண்டும். முடிவுகளைக் கிராமசபையில் வைக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்தானது. 2021 மே மாதம் கடலூர் சிப்காட்டில் ஒரு பூச்சிமருந்து ஆலையில் நடந்த விபத்தில் நான்கு பேர் செத்தார்கள். அந்த மாதிரி ஊரில் ஒரு உயிரியல் டீச்சர், தன் மாணவிகள் எண்ணிய குரோமோசோம் கணக்கைக் கிராமசபையில் படித்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? பாராட்டுக்கு முன்னால் மாற்றல் உத்தரவு வரும். சம்பள உயர்வுக்குத் தெருவில் இறங்குகிற ஆசிரியர் சங்கங்களும், மேடையில் அறிவியல் பேசுகிற இயக்கங்களும், எழுதுகிற நாமும் அந்த டீச்சருக்குப் பக்கத்தில் நிற்போமா என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். வெங்காயம் எந்தக் கடையிலும் கிடைக்கும்.